வட்டமும் நாரும்: விண்வெளியைச் சந்தித்த சீன மை ஓவியம்

சீன மை ஓவியத்தில் விண்வெளி தனிப்பொருளாக இடம்பெறத் தொடங்கியது 1969ஆம் ஆண்டில், தைவானில் வாழ்ந்துகொண்டிருந்த லியூ குவோசோங் ‘பூமி எது?’ என்ற தலைப்பில் வரைந்த ஓவிய வரிசையோடுதான் என்று கலை வரலாற்று நூல்கள் பொதுவாகச் சொல்கின்றன. இதில் தகராறுக்கு இடமில்லை. அதற்குத் தரப்படும் விளக்கத்தில்தான் இருக்கிறது. தாவோயியம் போற்றிய வெறுமை என்னும் கருத்து ஈராயிரம் ஆண்டுகளாகச் சீன ஓவியரின் தூரிகையில் குடியிருந்தது என்றும், ராக்கெட் யுகம் பிறந்ததும் அவ்வெறுமை தன் உண்மையான உருவத்தை விண்வெளியில் கண்டுகொண்டது என்றும், ஆகவே பழைய மரபும் புதிய அறிவியலும் இயல்பாகக் கைகோத்தன என்றும் கண்காட்சிக் கையேடுகள் எழுதுவது வழக்கம். கேட்க இனிமையாக இருக்கும் இவ்விளக்கம் ஓவியங்களை உற்றுநோக்கும்போது நிற்பதில்லை. மரபு வழங்கிய வெறுமை வெள்ளை நிறம், விண்வெளியோ கறுப்பு. மரபு ஓவியத்தைப் பார்ப்பவர் மலைப்பாதையில் நடந்து செல்பவர். விண்கலத்திலிருந்து எடுத்த ஒளிப்படத்தைப் பார்ப்பவர் உலகத்துக்கு வெளியே நிற்பவர். அளவுகோலும் கவராயமும் கொண்டு வரைவதை அறிஞர் மரபு கைவினைஞர் வேலையென்று தாழ்வாகக் கருதியது. விண்வெளிப் படங்களிலோ கவராய வட்டமே தலையாய உருவம். இந்த முரண்கள் மூன்றையும் நவீன ஓவியர்கள் எப்படி எதிர்கொண்டார்கள் என்பதே ஆராயத்தக்கது. அவர்களுடைய ஓவியங்களின் தரமும் பெரும்பாலும் அதைப் பொறுத்தே அமைந்திருக்கிறது.

முதலில் பொருள்களைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். மை என்று இங்கே குறிப்பிடப்படுவது பேனா மை அன்று. பைன் மரக்கட்டையையோ எண்ணெய் விளக்கையோ எரித்துச் சேகரித்த புகைக்கரியை விலங்குப் பசையோடு பிசைந்து, அச்சிலிட்டு, பல மாதங்கள் உலர்த்திக் கட்டியாக்குகிறார்கள். ஓவியர் அக்கட்டியைக் கல்லின்மேல் தண்ணீர் விட்டு உரைத்து, வேண்டிய அடர்த்தியில் எடுத்துக்கொள்கிறார். தாளும் அத்தகையதே. அன்ஹுய் மாநிலத்தின் ஜிங் வட்டாரத்தில், நீலச்சந்தனம் என்று சீனர் அழைக்கும் (சந்தனத்தோடு எவ்வுறவும் இல்லாத) ஒரு மரத்தின் பட்டையையும் வைக்கோலையும் சேர்த்துச் செய்யப்படும் ‘ஷுவான்’ தாள், மையைப் பட்ட மாத்திரத்தில் உறிஞ்சிப் பரவவிடும் இயல்புடையது. இதன் தயாரிப்பு முறையை யுனெஸ்கோ 2009ஆம் ஆண்டில் மனிதகுலத்தின் மரபுச் செல்வங்களின் பட்டியலில் சேர்த்தது. படிகாரமும் பசையும் பூசிய தாளில் மை பரவாது, மேலேயே நிற்கும். எதில் வரைந்தாலும் உலர்ந்தபின் மை கரையாது, அழியாது, எண்ணெய் ஓவியத்தைப்போல மேலே வேறு நிறம் பூசித் திருத்தவும் முடியாது. ஒரே மையின் அடர்த்தி வேறுபாடுகளைக்கொண்டே எல்லா நிறங்களையும் உணர்த்திவிட முடியும் என்பது ஒன்பதாம் நூற்றாண்டு முதலே பேசப்பட்டுவரும் கருத்து. அதன் மறுபக்கம், எந்த வேறுபாடும் இல்லாமல் ஒரே சீராகக் கிடக்கும் கறுப்பைச் சீன ஓவியர்கள் ‘செத்த மை’ என்று இகழ்ந்தார்கள். விண்வெளியைக் கண்ணுக்குத் தெரிகிறபடி வரைய வேண்டுமென்றால் தாளின் பெரும்பகுதியைச் செத்த மையால் நிரப்ப வேண்டியிருக்கும் என்னும் இக்கட்டு இங்கேயே தொடங்கிவிடுகிறது.

மலையையும் நீரையும் வரையும் ‘ஷான்ஷ்வே’ மரபில் வானம் பெரும்பாலும் வரையப்படுவதே இல்லை. வெற்றுத்தாள்தான் வானம், வெற்றுத்தாள்தான் மூடுபனி, ஆறு, தொலைவு. நிலவை வரைய நேர்ந்தபோதும் ஓவியர்கள் நிலவின்மேல் தூரிகையை வைக்கவில்லை. ஈரத்தாளில் மெல்லிய மையைச் சுற்றிலும் பூசி மேகமாக்கி, நடுவே வட்டமாக ஓரிடத்தைத் தொடாமல் விட்டுவிடுவார்கள். மேகத்தின் சாயல் விளிம்பில் சற்றே கூடும்போது, தொடாத தாள் நிலவாக ஒளிரும். அந்த விளிம்பு கூர்மையாக இராது, மை எங்கே நின்றதோ அதுவே விளிம்பு. ஐந்தாம் நூற்றாண்டில் வாழ்ந்து 443இல் மறைந்த ஓவியர் சோங் பிங், சில அங்குலக் கோட்டில் ஆயிரக்கணக்கான அடி உயரத்தை அடக்க முடியும் என்று மலை ஓவியத்தைப் பற்றி வாதாடினார். பதினோராம் நூற்றாண்டின் ஓவியர் குவோ ஷி, கீழிருந்து மேலே பார்ப்பது, முன்னிருந்து ஆழத்துக்குள் பார்ப்பது, மலையிலிருந்து எதிரே விரிவாகப் பார்ப்பது என்று மூன்று தொலைவுகளை வகுத்தார். தைப்பே நகரின் தேசிய அரண்மனை அருங்காட்சியகத்தில் உள்ள, பழைய ஓவியர் ஃபான் குவானின் ‘மலையாறுகளிடையே வழிப்போக்கர்’ ஓவியம் இரண்டு மீட்டருக்குமேல் உயரமுடையது. அதன் மேற்பாதியை ஒரே பாறைச்சுவர் அடைத்திருக்க, கீழே வலப்புறம் கோவேறுக் கழுதைகளை ஓட்டிச்செல்லும் மனிதர்கள் விரல்நுனி அளவில் வருகிறார்கள். பார்ப்பவர் தன்னை வைத்துக்கொள்ள வேண்டிய இடம் அந்தக் கழுதைகளின் பக்கத்தில்தான். மூன்று தொலைவுகளில் எதுவும் அவரை மண்ணைவிட்டு வெளியே கொண்டுபோய் நிறுத்துவதில்லை.

சீனர் வானத்தை மையால் வரைந்ததே இல்லை என்று இதற்குப் பொருளன்று. 1970களின் தொடக்கத்தில் சாங்ஷா நகருக்கருகே மாவாங்துய் என்னுமிடத்தில் அகழ்ந்த, கிறித்துவுக்கு முந்திய இரண்டாம் நூற்றாண்டுக் கல்லறைகளில் இரண்டு சான்றுகள் கிடைத்தன. ஒன்று, பிரபுவின் மனைவி ஒருவரின் சவப்பெட்டிமேல் போர்த்தியிருந்த பட்டு ஓவியம். அதன் மேற்பகுதியில் சூரியனுக்குள் காகமும் பிறைநிலவின்மேல் தேரையும் இருக்கின்றன. மற்றொன்று, பக்கத்துக் கல்லறையில் கிடைத்த பட்டுச் சுவடி. அதில் 29 வால்மீன்கள், வாலின் வடிவத்துக்கேற்ப வகைபிரித்து, ஒவ்வொன்றும் எத்தகைய கேட்டைக் குறிக்கும் என்ற குறிப்போடு வரையப்பட்டுள்ளன. துன்ஹுவாங் குகைகளில் கண்டெடுத்து இப்போது லண்டன் பிரித்தானிய நூலகத்தில் வைக்கப்பட்டுள்ள ஏழாம் நூற்றாண்டு விண்மீன் வரைபடம் இன்னும் வியப்பானது. இரண்டு மீட்டருக்குச் சற்றே நீளமான அந்தத் தாள்சுருளில் 1,300க்கும் மேற்பட்ட விண்மீன்கள் புள்ளிகளாகக் குறிக்கப்பட்டு, பண்டைய வானியலாளர் மூவரின் மரபுகளைப் பிரித்துக்காட்ட வேறுவேறு நிறங்கள் கையாளப்பட்டிருக்கின்றன. அங்கே இரவு வெள்ளையாகவும் விண்மீன் கறுப்பாகவோ வேறு நிறமாகவோ இருக்கக் காணலாம். அரசவைக் கணிதருக்கு அது எளிய வசதி. ஓவியருக்கோ, இரவை வரைய இரவைத் தலைகீழாக்கலாம் என்பதற்குக் கிடைத்த பழைய அனுமதி. ஆனால் இவையெல்லாம் சோதிடம், வானியல், சாவுச்சடங்கு ஆகியவற்றுக்கு உரியவையாகக் கருதப்பட்டமையால், அறிஞர் ஓவிய மரபு இவற்றைத் தன் முன்னோராக எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை.

லியூ குவோசோங் 1932இல் அன்ஹுய் மாநிலத்தின் பங்பு நகரில் பிறந்தார். ராணுவ அதிகாரியான தந்தை 1938இல் ஜப்பானியரோடு நடந்த போரில் இறக்க, நாட்டுக்காக உயிர்நீத்தவர்களின் பிள்ளைகளுக்கென்று நான்ஜிங்கில் நடந்த பள்ளியில் படித்து, அப்பள்ளியோடு 1949இல் குடும்பமின்றித் தைவான் வந்து சேர்ந்தார். தைவான் ஆசிரியர் பயிற்சிப் பல்கலைக்கழகத்தில் 1956இல் பட்டம்பெற்று, உடன்பயின்றவர்களோடு ‘ஐந்தாம் மாதக் குழு’வைத் தொடங்கினார். பாரிஸில் மே மாதந்தோறும் நடந்த ஒரு கண்காட்சியின் பெயரை ஒட்டிக் குழுவுக்கு இப்பெயர் வந்தது. முதற் கண்காட்சி 1957 மே மாதத்தில் நடந்தது. எண்ணெய் வண்ணத்தில் ஐரோப்பிய அரூபத்தைப் பின்பற்றித் தொடங்கிய லியூ, சில ஆண்டுகளிலேயே மைக்கும் தாளுக்கும் திரும்பினார். மேற்கை நகலெடுப்பது முன்னோரை நகலெடுப்பதற்கு மாற்றாகாது என்பது அவர் மாறாமல் சொல்லிவந்த வாதம். அக்காலத் தைவானில் இதை வாதமாகச் சொல்வதுகூட எளிதாயிருக்கவில்லை. ராணுவச் சட்டம் நடைமுறையில் இருந்த அந்நாட்டில், புதுக் கன்பூசிய அறிஞரான ஷூ ஃபூகுவான் 1961இல் எழுதிய கட்டுரையொன்றில், உருவத்தைச் சிதைக்கும் நவீனக் கலை முடிவில் பொதுவுடைமை உலகுக்கே பாதையமைக்கும் என்று குற்றஞ்சாட்டினார். நவீனக் கலையை ஏன் எதிரிக்குத் தாரைவார்க்கிறீர்கள் என்று கேட்டு லியூ மறுப்பெழுதினார். இருவரில் யார் பக்கம் நியாயம் என்பதைவிட முக்கியமானது, அப்படிப்பட்ட குற்றச்சாட்டு ஒருவரைச் சிறைக்கு அனுப்பக்கூடிய காலம் அது என்பது.

1963 அளவில் அவர் ஒரு தாள் தொழிற்சாலையை அணுகி, தாள்கூழின்மேல் பருத்த நார்களைத் தாறுமாறாகப் பரப்பி ஒரு புதுவகைத் தாளைச் செய்து தருமாறு கேட்டுப் பெற்றார். பிற்காலத்தில் அது அவர் பெயராலேயே ‘குவோசோங் தாள்’ என வழங்கலாயிற்று. செய்முறை இவ்வாறு: அகன்ற முரட்டுத் தூரிகையால், எழுத்துக்கலையின் கட்டற்ற ஓட்டத்தை ஒத்த வேகத்தில், மையை வீசிப் பூசுகிறார், சில இடங்களில் தாளைத் திருப்பிப் பின்புறமும் பூசுகிறார். மை நார்களின்மேலும் அவற்றுக்கிடையிலும் ஏறுகிறது, ஆனால் நார் அழுந்திக் கிடக்கும் இடத்துக்கு அடியில் தாள் நனையாமல் தப்பிவிடுகிறது. பிறகு விரல்களால் நார்களை ஒவ்வொன்றாக உரித்தெடுக்கிறார். கறுப்பின் குறுக்கே ஊசியிலையும் நரம்பும் வெடிப்பும் போல வெள்ளைக் கோடுகள் தோன்றுகின்றன. அவற்றின் திசையைத் தாள் செய்தவரும் முழுமையாக முடிவுசெய்யவில்லை, ஓவியரும் முழுமையாக முடிவுசெய்யவில்லை. பாறையின் மேற்பரப்பை உணர்த்த மரபு ஓவியர்கள் கையாண்ட தூரிகைத் தீற்றல்களுக்கு ‘ட்சுன்’ என்று பெயர். கோடரி வெட்டு, சணல்நார், மழைத்துளி என்று அவற்றில் பல வகைகள் உண்டு. தம்முடைய முறைக்கு லியூ ‘நரம்பை உருவித் தோலை உரிக்கும் ட்சுன்’ என்று பெயர் வைத்தார். கேலியும் அறைகூவலும் கலந்த பெயர் அது. தூரிகை நுனி கோட்டின் நடுவே ஓட வேண்டும் என்ற பழைய விதிக்கு எதிரான கலகம் என்று தம் பணியை அவர் வெளிப்படையாகவே அறிவித்திருந்தார்.

இந்த நுட்பத்தின் விளைவை அதற்குரிய முழு அளவில் காண வேண்டும். பன்னூறு ஆண்டுகளாக மை ஓவியத்தில் கோடு என்றால் கறுப்பு, வெறுமை என்றால் வெள்ளை. நார் உரித்த தாளில் வெள்ளையே கோடாகிவிடுகிறது. கறுப்பு அதைத் தாங்கும் உடலாகிறது. நிலவை வரையாமல் விட்ட பழைய ஓவியரும் வெள்ளையைப் பயன்படுத்தினார், ஆனால் அவருடைய வெள்ளை இடமாக இருந்தது, லியூவின் வெள்ளை அசைவாக இருக்கிறது. விண்வெளி என்ற பொருள் அவருக்குக் கிடைப்பதற்கு ஆறு ஆண்டுகளுக்கு முன்பே, கறுப்பையும் வெள்ளையையும் இடம் மாற்றும் கருவி கைக்கு வந்துவிட்டது என்பதே இக்கட்டுரை வலியுறுத்த விரும்பும் செய்தி. சந்திரப் பயணத்தால் உந்தப்பட்டு அவர் புதியதொரு நடையை உருவாக்கினார் என்று பலரும் எழுதுவது கால வரிசைக்கு ஒத்துவராது; ஏற்கெனவே இருந்த நடைக்குச் சந்திரப் பயணம் ஒரு பொருளைக் கொடுத்தது. 1966இல் மூன்றாம் ஜான் ராக்ஃபெல்லர் நிதியத்தின் உதவியோடு அமெரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் பயணம் செய்தபோது, வெட்டியெடுத்தாற்போன்ற விளிம்புடைய வடிவங்களைத் தட்டையான நிறத்தில் வரையும் அமெரிக்க ஓவியப் போக்கை அவர் கண்டார். அந்த விளிம்புதான் அவரிடம் அதுவரை இல்லாதிருந்தது.

அப்போலோ 8 விண்கலம் சந்திரனைச் சுற்றிவந்தபோது, 1968 டிசம்பர் 24 அன்று விண்வெளி வீரர் வில்லியம் ஆண்டர்ஸ் எடுத்த ‘புவி உதயம்’ என்னும் ஒளிப்படம் உலகெங்கும் நாளிதழ்களில் வெளிவந்தது. இதில் அதிகம் பேசப்படாத ஒரு செய்தி உண்டு. ஆண்டர்ஸின் கேமரா பதிந்தபடி பார்த்தால் சந்திரனின் தரை படத்தின் வலப்பக்கத்தில் செங்குத்தாக நிற்கிறது. பூமி அதன் இடப்பக்கத்தில் இருக்கிறது. அச்சிட்டவர்கள் படத்தைத் திருப்பி, தரையைக் கீழே கிடத்தி, பூமியை மேலே உயர்த்தினார்கள். மேல் கீழ் என்ற பேச்சுக்கே இடமில்லாத ஓரிடத்தின் படம், அச்சகத்தின் தயவால், கீழே நிலமும் மேலே கோளும் கொண்ட ஒரு நிலக்காட்சியாக மாறிற்று. லியூ எடுத்துக்கொண்டது இந்தத் திருப்பிய அமைப்பைத்தான். அந்த அளவில் அவருடைய விண்வெளி ஓவியங்களும் மலை ஓவியங்களே. ஒளிப்படத்தை மலை ஓவியமாக்கும் வேலையில் பாதியை நாளிதழ்கள் அவருக்கு முன்பே முடித்துவிட்டிருந்தன.

‘பூமி எது?’ வரிசையில் திரும்பத்திரும்ப வரும் அமைப்பில், கீழே ஓவியத்தின் அகலம் முழுவதையும் நிறைத்துக்கொண்டு ஒரு பெரிய வில் வளைகிறது. அதன் உடல் முழுக்கக் கொந்தளிக்கும் மை. அதன் குறுக்கே உரித்த நார்களின் வெள்ளைக் கீறல்கள் ஓடுகின்றன. பள்ளங்களும் முகடுகளும் எரிமலைக் குழம்பும் என்று எதை வேண்டுமானாலும் கண் அதில் கண்டுகொள்ளும். மேலே ஒரு வட்டம். அது பெரும்பாலும் தூரிகையால் வரைந்ததன்று; தனித்தாளில் வெட்டியெடுத்து ஒட்டியது. செம்மஞ்சள், நீலம், சிவப்பு என்று அதற்கு நிறமும் உண்டு. ஒட்டிய தாளின் விளிம்பு கத்தியால் வெட்டிய விளிம்பு. மேகத்துக்குள் கரையும் பழைய நிலவின் விளிம்போடு அதற்கு ஒரு தொடர்பும் கிடையாது. வில் பூமியா, வட்டம் பூமியா என்ற கேள்விக்கு ஓவியம் விடை தருவதில்லை, தலைப்பும் அதைத்தான் கேட்கிறது. கவனிக்க வேண்டிய மற்றொன்று பின்னணி. ஆண்டர்ஸின் படத்தில் பாதிக்குமேல் நிறைந்திருக்கும் கறுப்பு லியூவின் பல ஓவியங்களில் இல்லவே இல்லை. வானம் தட்டையான ஒரு நிறமாகவோ தாளின் வெளிர்மையாகவோ நிற்கிறது. மை முழுவதும் கோளின் உடலுக்கே போய்விட்டது. வெறுமையை மையால் நிரப்பாதே என்ற பழைய ஓவியரின் ஒழுங்கை, மற்றெல்லா ஒழுங்குகளையும் மீறிய இவர் இந்த ஓரிடத்தில் மட்டும் காப்பாற்றினார். வில்லும் வட்டமும் ஒன்றோடொன்று இணங்குவதில்லை, ஒன்று கையின் வேகத்தால் ஆனது, மற்றொன்று கவராயத்தின் நிதானத்தால் ஆனது. இந்த இணங்காமையைத் தீர்த்துவைக்காமல் அப்படியே விட்டதில்தான் இவ்வரிசையின் வலு இருக்கிறது.

இவ்வரிசையில் ஓர் ஓவியம் 1969இலேயே அமெரிக்காவின் மாரியெட்டா கல்லூரி நடத்திய பன்னாட்டுப் போட்டியில் பரிசு பெற்றது. 1973 வரை ஏறத்தாழ ஐந்தாண்டுகள் அவர் இதே பொருளில் உழைத்தார். பல தாள்களை அருகருகே தொடுத்து ஒரே கோளின் பல நிலைகளைக் காட்டும் ‘நள்ளிரவுச் சூரியன்’ போன்ற படைப்புகளில், சுருளோவியத்தை வலமிருந்து இடமாக விரித்துப் பார்க்கும் பழக்கமும் விண்கலத்தின் ஓட்டமும் சேர்ந்துகொள்கின்றன. ஆனால் எல்லாமே இத்தரத்தன அல்ல. வட்டங்கள் பெருகப்பெருக, நிறங்கள் பளிச்சிடப் பளிச்சிட, கோடுகளின் கரடுமுரடு பின்தங்கி, சில ஓவியங்கள் அக்காலத்து விமானக் கம்பெனி விளம்பரத்தின் அருகே போய் நிற்கின்றன. முழுவட்டப் பூமியின் மிகப் புகழ்பெற்ற ஒளிப்படத்தை அப்போலோ 17 குழுவினர் 1972 டிசம்பரில் எடுத்தனர். அதற்கு மூன்றாண்டுகள் முன்பே முழுவட்டத்தை வரையத் தொடங்கிவிட்ட ஓவியர், அந்தப் படம் வந்த சில காலத்திலேயே பொருளைக் கைவிட்டுத் தண்ணீரின் மேற்பரப்பில் மையை மிதக்கவிட்டுத் தாளில் எடுக்கும் வேறொரு சோதனைக்குப் போய்விட்டார். தம்முடைய ஓவிய அறைதான் ஆய்வுக்கூடம் என்று அவர் சொல்லிவந்தது வெறும் பேச்சன்று.

வானிலிருந்து கீழே பார்க்கும் பார்வையை மை ஓவியத்துக்குள் கொண்டுவந்த பெருமை லியூ ஒருவரையே சேராது. கட்டடக் கலைஞரும் ஓவியருமான சென் ச்சிகுவான் (1921–2007) இரண்டாம் உலகப்போரின்போது பர்மா முனையில் சீனப் படைக்கு மொழிபெயர்ப்பாளராகப் பணியாற்றியவர், பிற்காலத்தில் கட்டடக் கலைஞர் ஐ. எம். பெய்யோடு சேர்ந்து தைவானின் துங்ஹாய் பல்கலைக்கழக வளாகத்தில் லூஸ் தேவாலயத்தை வடிவமைத்தவர். விமானச் சன்னலிலிருந்து கண்டாற்போல அடிவானம் சாய்ந்தும் சுழன்றும் கிடக்கும் இவருடைய குறுகிய நீண்ட ஓவியங்கள் சிலவற்றில் சூரியனும் நிலவும் ஒரே தாளின் இரு முனைகளில் இருக்கின்றன. எந்த முனையை மேலே வைத்துத் தொங்கவிடுவது என்ற ஐயம் பார்ப்பவருக்கு வராமல் போகாது. விண்வெளி என்று தலைப்பிடாமலேயே, குவோ ஷியின் மூன்று தொலைவுகளோடு நான்காவது ஒன்றை இவர் சேர்த்துவிட்டார் எனலாம். விளம்பரம் குறைவாகக் கிடைத்த ஓவியர் இவர்.

சீனப் பெருநிலத்தில் நிலைமை முற்றிலும் வேறு. அப்போலோ 11 சந்திரனில் இறங்கிய 1969 ஜூலையில் அங்கே கலாசாரப் புரட்சி நடந்துகொண்டிருந்தது. அச்செய்தி பொதுமக்களுக்குப் பெரிதாகச் சொல்லப்படவில்லை. 1970 ஏப்ரல் 24 அன்று ஏவப்பட்ட சீனாவின் முதற் செயற்கைக்கோள் மாவோவைப் போற்றும் பாடலின் மெட்டை ஒலிபரப்பியபடி பூமியைச் சுற்றிவந்தது. விண்வெளி அங்கே ஓவியர் கூடத்துக்குப் போகாமல் சுவரொட்டிக்குப் போயிற்று. ராக்கெட்டின்மேல் ஏறிச் செல்லும் கொழுகொழு குழந்தைகள் புத்தாண்டு அச்சுப்படங்களில் இடம்பெற்றன. ஹாங்காங் சீனப் பல்கலைக்கழகத்தில் 1971 முதல் கற்பித்துக்கொண்டிருந்த லியூ, 1983இல் பெய்ஜிங்கின் சீனக் கலைக்கூடத்தில் தனிக் கண்காட்சி நடத்த அழைக்கப்பட்டார். அது பின்னர் பெருநிலத்தின் பல நகரங்களுக்கும் சென்றது. அதற்கு இரண்டாண்டுகள் கழித்து, சீன ஓவியம் முட்டுச்சந்தில் வந்து நிற்கிறது என்று இளம் விமர்சகர் லி ஷியாவ்ஷான் எழுதிய கட்டுரை பெரும் விவாதத்தைக் கிளப்பிற்று. ஓவியத்திலிருந்து பிரித்துப் பார்த்தால் தூரிகை நயத்துக்கு மதிப்பே இல்லை என்று 1992இல் ஓவியர் வூ குவான்ட்சோங் எழுதியபோது விவாதம் மேலும் வலுத்தது. லியூ முப்பதாண்டுகளுக்கு முன் தைவானில் எதிர்கொண்ட சண்டை வேறு பெயர்களோடு பெருநிலத்தில் மீண்டும் நடந்தது.

பெருநிலத்திலிருந்து புறப்பட்ட அடுத்த தலைமுறையில், விண்வெளியை மையமாகக்கொண்டவர்களுள் முதலில் சொல்லத்தக்கவர் ட்சாய் குவோ-ச்சியாங். ஆனால் அவர் மையைத் தொடவில்லை. 1957இல் ச்சுவான்ட்சோ நகரில், எழுத்துக்கலையும் மரபு ஓவியமும் பயின்ற தந்தைக்குப் பிறந்த இவர், 1986 முதல் ஜப்பானில் வாழ்ந்தபோது வெடிமருந்தைத் தாளின்மேல் பரப்பி, அதன்மேல் பலகையும் கல்லும் வைத்து, திரியில் தீ வைத்து, கருகிய தழும்பையே ஓவியமாக்கினார். 1991இல் டோக்கியோவில் காட்டிய ‘ஆதித் தீக்கோளம்’ ஏழு மடிப்புத் திரைகளாக அமைந்தது. ‘வேற்றுக்கோளினருக்கான திட்டங்கள்’ என்று அவர் பெயரிட்ட வரிசையின் பத்தாவது நிகழ்வில், 1993 பிப்ரவரி 27 மாலை, சீனப் பெருஞ்சுவரின் மேற்கு முனையான ஜியாயூகுவானிலிருந்து கோபி பாலைவனத்துக்குள் 10,000 மீட்டர் நீளத்துக்குத் திரியும் 600 கிலோ வெடிமருந்தும் இட்டு, ஏறத்தாழ 15 நிமிடம் சுவர் நெருப்பாக நீளுமாறு செய்தார். விண்ணிலிருந்து பார்ப்பவருக்காகப் பூமியில் கோடு போடுவது இது. மை ஓவியத்தின் வரலாற்றில் இவரைச் சேர்க்க வேண்டுமா என்ற கேள்விக்கு, பொருளின் வழியே விடை தேடுவது நல்லது. மை என்பது எரிந்து முடிந்த புகைக்கரி. வெடிமருந்தில் உள்ள கரியோ தாளின்மேல் எரிகிறது. எரிப்பை மை செய்யும் கொட்டிலிலிருந்து ஓவியத் தாளுக்கு மாற்றியதன் மூலம், திரும்பப்பெற முடியாத தீற்றல் என்ற மை ஓவியரின் பழைய துணிவை அவர் இன்னும் ஒருபடி கடுமையாக்கினார். நாரை உரித்துத் தற்செயலுக்கு இடங்கொடுத்த லியூவுக்கு இவர் மாணவர் அல்லர். ஆனால் இருவரும் கையை ஓரளவு விலக்கி வைத்தே வேலை செய்தவர்கள்.

1968இல் யின்ச்சுவானில் பிறந்த டாய் ஷியாங்ட்சோ இதற்கு நேரெதிரான திசையில் போகிறார். கவராய வட்டம், ஒட்டுத்தாள், நெருப்பு எதுவும் இல்லாமல், சோங் காலத்து ஓவியர்களின் தூரிகை முறையையும் மெல்லிய பூச்சையும் பொறுமையாகக் கற்று, அவற்றாலேயே அண்டத்தின் தொடக்கத்தை வரைகிறார். ‘வான் குழப்பம்’ என்னும் பொருள்படும் இவருடைய வரிசையில், பாறையோ மேகமோ என்று பிரித்தறிய முடியாத திரள்கள் எதன்மேலும் நிற்காமல் தாளின் நடுவே மிதக்கின்றன. சீன அறிஞர்கள் தம் மேசைமேல் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்த விந்தைக் கற்களும் விண்ணிலிருந்து விழுந்த கற்களும் அவற்றுக்கு மாதிரிகள். இவருடைய ஓவியங்களுக்குச் சிகாகோ கலைக் கழக அருங்காட்சியகம் 2020இல் தனிக் கண்காட்சி அமைத்தது. முன்னே சொன்ன முரண்களில் பார்வையாளர் எங்கே நிற்கிறார் என்பதை டாய் மிக நுட்பமாகக் கையாள்கிறார்: அடிவாரத்தை நீக்கிவிட்டால் மலை கோளாகிவிடும். ஃபான் குவானின் பாறைச்சுவரிலிருந்து கழுதைகளையும் பாதையையும் அழித்துவிட்டுப் பார்த்தால் எஞ்சுவது ஏறத்தாழ இதுதான். ஆனால் விலையும் உண்டு. எல்லாமே மையின் மொழியிலேயே சொல்லப்பட்டுவிடுவதால், மரபுக்கு அந்நியமான எதுவும் உள்ளே நுழையவில்லை. விண்வெளி யுகம் வராமலே இருந்திருந்தாலும் இந்த ஓவியங்களை வரைந்திருக்க முடியும். வெறுமையும் அண்டமும் இயல்பாகக் கைகோத்தன என்னும் கையேட்டு வாக்கியம் எவருக்காவது பொருந்துமென்றால் அது டாய்க்குப் பொருந்தும், லியூவுக்குப் பொருந்தாது.

இன்று சீனாவின் விண்வெளித் திட்டமே மரபுப் பெயர்களைச் சூட்டிக்கொண்டிருக்கிறது. சந்திரனின் மறுபக்கத்தில் 2019 ஜனவரி 3 அன்று இறங்கிய கலத்துக்கு நிலவில் வாழும் தேவதையான சாங்-அவின் பெயர். 2021இல் செவ்வாயில் இறங்கிய கலத்துக்கு, பண்டைக் கவிஞர் ச்சூ யுவான் இயற்றியதாகச் சொல்லப்படும், வானத்தை நோக்கி நூற்றெழுபதுக்கும் மேற்பட்ட கேள்விகளைத் தொடுக்கும் ‘தியன்வென்’ என்னும் நெடும்பாடலின் பெயர். நாடுகடத்தப்பட்டு அலைந்த ச்சூ யுவான், சூ நாட்டு முன்னோர் கோயில்களின் சுவர்களில் தீட்டியிருந்த வானுலக ஓவியங்களைக் கண்டு அக்கேள்விகளை எழுப்பினார் என்று இரண்டாம் நூற்றாண்டு உரையாசிரியர் வாங் யீ எழுதிவைத்திருக்கிறார். அரசின் பெருமைக்கும் ஓவியச் சந்தைக்கும் இத்தகைய பெயர்ப் பொருத்தங்கள் வசதியானவை. 1969இல், அமெரிக்கர்கள் எடுத்த ஒளிப்படம் ஒன்றைத் தைவானில் இருந்து எதிர்கொண்ட ஓவியருக்கு அந்த வசதி கிடையாது; வட்டம் அவரிடம் விருந்தாளியாக வந்தது, விருந்தாளியாகவே ஓவியத்திலும் உட்கார்ந்திருக்கிறது.

இந்த ஓவியங்களை மதிப்பிடுவதில் நடைமுறைச் சிக்கல் ஒன்று இருக்கிறது. பளபளப்பான தாளில் அச்சிடும்போது, நார் உரித்ததால் வந்த வெள்ளைக்கும் வெள்ளை நிறம் பூசியதால் வரும் வெள்ளைக்கும் வேறுபாடு தெரிவதில்லை. ஒட்டிய வட்டத்தின் விளிம்பில் தாள் சற்றே உயர்ந்து நிற்பதும், மை தாளுக்குள் இறங்கியிருக்கும் ஆழமும் காணாமல் போகின்றன. ஒளிப்படத்தில் எல்லாம் ஒரே தளத்துக்கு வந்துவிட, கண்ணுக்கு முதலில் படுவது நிறமுள்ள வட்டமாகவே இருக்கிறது. லியூவின் விண்வெளி வரிசையைப் பற்றிய எழுத்துகளில் வட்டத்தின் தத்துவத்தைப் பக்கம்பக்கமாகப் பேசிவிட்டு நாரைப் பற்றி ஒரு வரியும் சொல்லாதவை பல உள்ளன. அவை அச்சுப்படத்தை முன்னால் வைத்துக்கொண்டு எழுதப்பட்டவை என்று ஊகிப்பது அநியாயமாக இராது.